ஏழாம் பந்தியின் பலாமரம்

கித்துல்கல,
3 பெப்ரவரி 2025

மதிப்புக்குரிய சட்டத்தரணி ரெஜினோல்ட் அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. பெயர் கேஷானி. சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்து மூன்று வருடம் ஆகிறது. நீங்கள் எழுதிய ‘தோட்டக் குடியிருப்பு வழக்குகள்: ஒரு கைநூல்’ எப்போதும் என் மேசையில்தான் கிடக்கும். அட்டை கிழிந்துபோய் காக்கித்தாள் போட்டிருக்கிறேன். மாதிரிப் படிவங்களை இடப்பக்கம் சிங்களத்திலும் வலப்பக்கம் தமிழிலும் கொடுத்திருக்கிறீர்கள். அதற்காகவே எங்கள் பக்கத்தில் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாத சட்டத்தரணிகள்கூட அதை வாங்கி வைத்திருக்கிறார்கள்.

முன்னுரையில், பிழை கண்டால் கடிதம் எழுதுங்கள், தொலைபேசியில் சொன்னால் நீதிமன்ற வாசலில் நின்று ‘சரி, சரி’ என்று கேட்டுவிட்டு மறந்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இந்தத் தபால்.

பக்கம் 112. வெளியேற்றும் வழக்கில் குடியிருப்பவர் கொடுக்க வேண்டிய சத்தியக்கடதாசியின் மாதிரி. பெயர், முகவரி, திகதி எல்லாவற்றுக்கும் புள்ளிக்கோடு விட்டிருக்கிறீர்கள். ஏழாம் பந்தியில் மட்டும் புள்ளிக்கோடே இல்லை. அது இப்படி இருக்கிறது: ‘எனது குடியிருப்பின் தெற்கு எல்லையில் ஏழு அடி மூன்று அங்குலம் சுற்றளவுள்ள பலாமரம் ஒன்று நிற்கிறது. எனது மூத்த மகள் ஞானஸ்நானம் பெற்ற நாளில் எனது கணவர் அதை நட்டு, பின்னர் அதன் அடியில் சிறு சிலுவை ஒன்றை வெட்டினார்.’

நான் சுந்தரலிங்கம் என்பவருக்காக இந்தப் படிவத்தை நிரப்பினேன். கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். நெற்றியில் திருநீறு இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை. வாசித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "மிஸ், எங்க வீட்டுக்குப் பின்னால தண்ணித் தாங்கிதான் இருக்கு. அதுல யாரு சிலுவ வெட்டுனது? அதோட எனக்கு எப்ப புருஷன் வந்தாரு?"

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். ஏழாம் பந்தியில் இருப்பது சட்டமா, மரமா? மரம் என்றால், அந்த மூன்று அங்குலம் எங்கிருந்து வந்தது?

இப்படிக்கு,
இ. கேஷானி

*

பெல்மதுளை,
14 பெப்ரவரி 2025

அன்புள்ள சட்டத்தரணி கேஷானி அவர்களுக்கு,

மரம். சந்தேகமே வேண்டாம். மாதிரிப் படிவம் என்றால் மாதிரி என்றுதான் பொருள். உங்கள் கட்சிக்காரருக்குப் புருஷன் இல்லை என்பது புத்தகத்தைப் பார்க்காமலே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கோபமாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது. இன்று காலையிலிருந்து நான்கு வழக்கு, நான்கையும் தவணை போட்டுத் தள்ளிவிட்டார்கள். நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் புத்தகத்தை நான் மேசையில் உட்கார்ந்து எழுதவில்லை. என் வழக்கைக் கூப்பிடும் வரை நீதிமன்ற கன்டீனில் எழுதினேன். பெல்மதுளைக்கும் இரத்தினபுரிக்கும் இடையே பஸ்ஸில் மடியில் வழக்குக் கோப்பை வைத்து எழுதினேன். வழக்குப் பேசும்போது புத்தகம் நினைவுக்கு வரும், புத்தகம் எழுதும்போது கட்சிக்காரர் வாசலில் வந்து நிற்பார். இரண்டு பெண்டாட்டிக்காரன் கதைதான் என்று என் மனைவி ஸ்டெபானி சொல்வாள். தன்னையும் சேர்த்தால் மூன்று என்பாள்.

அச்சகத்தில் அவசரப்படுத்திய வாரம் கைப்பையில் இருந்த ஒரு கோப்பை எடுத்து, பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டுப் படிவமாக்கினேன். ஏழாம் பந்தியை நீக்க மறந்துவிட்டேன். அவ்வளவுதான் விஷயம். இரண்டாம் பதிப்பு ஆகஸ்டில் வருகிறது, அதில் திருத்திவிடலாம்.

மூன்று அங்குலம் பற்றிக் கேட்டீர்கள். இதுவரை வேறு யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டுக்கு நானே மலையேறிப் போய்ப் பார்த்தேன். அளவு நாடா கொண்டுபோகவில்லை. கழுத்தில் இருந்த கறுப்பு டையைக் கழற்றி மரத்தைச் சுற்றினேன். ஒன்றரை டை வந்தது. பிறகு வீட்டுக்கு வந்து டையை அளந்து கணக்குப் போட்டேன்.

அன்புடன்,
அ. ரெஜினோல்ட்

*

கித்துல்கல,
22 பெப்ரவரி 2025

அன்புள்ள ரெஜினோல்ட் சேர்,

‘அவ்வளவுதான் விஷயம்’ என்று எழுதினீர்கள். அவ்வளவுதான் என்றால் நன்றாக இருந்திருக்கும்.

உங்கள் கடிதம் வரும் முன்பே நான் ஏழாம் பந்தியை நீக்கிவிட்டு சுந்தரலிங்கம் ஐயாவின் சத்தியக்கடதாசியைக் கொண்டுபோனேன். அன்றுதான் கடைசி நாள். பதிவறை லிகிதர் பந்திகளை விரலால் எண்ணி, ஆறுக்குப் பிறகு எட்டு வருகிறதே என்று திருப்பித் தந்தார். இலக்கத்தை மாற்றிக் கொடுத்தேன். அப்போதும் எடுக்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து உங்கள் புத்தகத்தை எடுத்து, சிங்களப் பக்கத்தைக் காட்டி, "பொத்தே தியெனவானே மிஸ்" என்றார். புத்தகத்தில் இருக்கிறதே என்கிறார். புத்தகத்தில் இருப்பது மரம் என்றேன். அதையும் போடுங்கள் என்றார்.

மணி மூன்றே கால். பதிவறையை மூடப் போகிறார்கள். நான் போட்டேன். கணவர் என்பதைத் தந்தை என்று மாற்றி, ஞானஸ்நானத்தையும் சிலுவையையும் எடுத்துவிட்டு, மரத்தை நட்டேன். சுந்தரலிங்கம் ஐயா மறுபடி வாசிக்கவே இல்லை. என்னை நம்பி சமாதான நீதவான் முன்னால் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து எனக்கு மனம் சரியில்லை.

பிறகு ஆசை பிடித்துக்கொண்டது. கடந்த ஒரு வருடத்தில் இந்தப் பக்கத்து நீதிமன்றங்களில் தாக்கலான சத்தியக்கடதாசிகளைத் தேடத் தொடங்கினேன். என்னுடையதோடு இதுவரை ஐந்து. மாவனல்லையில் அபீபா உம்மா என்ற விதவையின் காணியிலும் அந்தப் பலாமரம் நிற்கிறது, சிலுவையோடு. நிரோஷா என்ற ஆசிரியைக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. அவருடைய மூத்த மகளுக்கும் ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. ஐந்திலும் ஏழு அடி மூன்று அங்குலம்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் கைப்பையிலிருந்து எடுத்த கோப்பு யாருடையது? அந்த வழக்கு முடிந்துவிட்டதா?

கேஷானி

*

பெல்மதுளை,
9 மார்ச் 2025

அன்புள்ள கேஷானி,

முடியவில்லை.

குருவிட்டைக்கு மேலே ஒரு தோட்டம். அங்கே மெட்டில்டா என்ற அம்மா, அறுபத்து மூன்று வயது, கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். தொழிலாளர் லயத்தின் கடைசிக் காம்பராவும், அதோடு சேர்த்துக் கணவர் இருதயராஜ் கட்டிய இரண்டு அறையும், பின்னால் ஒரு சிறு தோட்டமும் அவருடைய வீடு. இருதயராஜ் இறந்துவிட்டார். கம்பனி அந்த இடத்தில் சுற்றுலா விடுதி கட்டப் பார்க்கிறது. 2022இல் முதல் அறிவித்தல் வந்தபோது நான் போய்ப் பார்த்து சத்தியக்கடதாசியின் வரைவை எழுதினேன். பிறகு கம்பனி அடங்கிவிட்டது. வரைவு கோப்பிலேயே கிடந்தது. அந்தக் கோப்பிலிருந்துதான் 112ஆம் பக்கம் வந்தது. 2024 ஜனவரியில் புத்தகம் வெளிவந்தது.

அதே வருடம் செப்டம்பரில் கம்பனி பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து மரத்தை வேரோடு பிடுங்கிவிட்டது. நவம்பரில் வழக்குப் போட்டது. மெட்டில்டா அங்கே வந்து எட்டு வருடம்தான் ஆகிறது என்கிறார்கள். 1987இல் நட்ட மரம்தான் எங்கள் கையில் இருந்த பெரிய சாட்சி. நான் பழைய வரைவை எடுத்து, ‘நிற்கிறது’ என்பதை ‘நின்றது’ என்று மாற்றித் தாக்கல் செய்தேன்.

போன வியாழக்கிழமை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்தார். கையில் என் புத்தகம். கூடவே ஐந்து சத்தியக்கடதாசிகளின் உறுதிப்படுத்திய பிரதிகள். கனம் நீதிபதி அவர்களே, இந்த மரம் சப்பிரகமுவ மாகாணம் முழுவதும் நிற்கிறது, குருவிட்டையில் மட்டும் நிற்கவில்லை என்றார். நீதிமன்றமே சிரித்தது. மெட்டில்டா அம்மா பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பலாமரம் வெட்ட பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். கம்பனி எடுக்கவில்லை. ஆகவே மரமே இருக்கவில்லை என்று சாதிப்பார்கள்.

யோசித்துப் பார்த்ததில் ஒரு வழி தெரிகிறது. ஏழாம் பந்தியை விலக்கிக்கொண்டு திருத்திய சத்தியக்கடதாசி கொடுத்துவிடலாம். மற்ற சாட்சிகளை வைத்து ஒப்பேற்றலாம். புத்தகத்தைப் பற்றி யாரும் மேலே கிளற மாட்டார்கள். நீங்களும் உங்கள் பட்டியலை யாரிடமும் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ரெஜினோல்ட்

*

கித்துல்கல,
15 மார்ச் 2025

ரெஜினோல்ட் சேர்,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். ஒவ்வொரு முறையும் கோபம் கூடியது.

ஒப்பேற்றலாம் என்கிறீர்கள். மற்ற சாட்சிகள் என்றால் எவை? உங்கள் புத்தகத்தில் 98ஆம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: தோட்ட மக்களிடம் உறுதிப் பத்திரம் இருக்காது, நட்ட மரமும் கட்டிய சுவரும்தான் உறுதி என்று. அதை வாசித்துத்தான் நான் இந்த வழக்குகளையே எடுக்கத் தொடங்கினேன். கம்பனி நிலத்திலிருந்து மரத்தைப் பிடுங்கியது. இப்போது நீங்கள் காகிதத்திலிருந்தும் பிடுங்கப் பார்க்கிறீர்கள்.

நான் செய்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை நீதிபதி முன்னால் எழுந்து, என் கட்சிக்காரரின் ஏழாம் பந்தி பொய், அது அவர் தவறல்ல, என் தவறு என்றேன். திருத்திய சத்தியக்கடதாசியைக் கொடுத்தேன். காது கூசும்படி திட்டு விழுந்தது. எங்கள் பக்கம் எல்லோரும் என்னை இப்போது ‘பலாக்காய் மிஸ்’ என்கிறார்கள். உயிர் ஒன்றும் போகவில்லை.

என் மரம் பொய், நான் விலக்கினேன். மெட்டில்டா அம்மாவின் மரம் உண்மை. அதை எதற்கு விலக்க வேண்டும்? 112ஆம் பக்கம் அவருடைய கடதாசியிலிருந்து வந்தது என்று தெரிந்தவர் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் கூண்டில் ஏறிச் சொன்னால் போதும்.

சொல்ல மாட்டீர்கள் என்றால் ஏன் என்றாவது எழுதுங்கள். புத்தகத்துக்காகவா?

கேஷானி

*

பெல்மதுளை,
30 மார்ச் 2025

அன்புள்ள கேஷானி,

ஆம், புத்தகத்துக்காகத்தான். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

எட்டு வருடம் எழுதினேன். லயத்தில் பிறந்த ஒருவன் எழுதிய சட்டப் புத்தகத்தை நீதிபதிகள் மேசையில் வைத்திருக்கிறார்கள் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. கூண்டில் ஏறினால், கட்சிக்காரரின் இரகசியக் கோப்பை அவரைக் கேட்காமல் அச்சிட்டேன் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டும். அது தொழில் ஒழுக்க விசாரணை வரை போகும். அதோடு, ஒரே வழக்கில் சட்டத்தரணியாகவும் சாட்சியாகவும் இருக்க முடியாது. வழக்கையே விட வேண்டும். இதையெல்லாம் எண்ணிப் பயந்தேன்.

நேற்று மலையேறிப் போனேன். மெட்டில்டா அம்மா தேநீர் கொடுத்தார். மரம் இருந்த இடத்தில் பெரிய பள்ளம், மழைத்தண்ணீர் நிற்கிறது. புத்தகத்தைக் கையில் கொடுத்து 112ஆம் பக்கத்தைக் காட்டினேன். விரல் வைத்து மெதுவாக வாசித்தார். வாசித்து முடித்தும் புத்தகத்தை மூடவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே ஐயா" என்றார்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, இந்த மரம் உங்களுடையதுதான் என்று கூண்டில் ஏறிச் சொல்லப் போகிறேன், ஆகவே வழக்கை இனி வேறு ஒருவர் நடத்த வேண்டும் என்றேன். யார் என்று கேட்டார். மரத்தின் அளவைப் பற்றிக் கேள்வி கேட்ட ஒரேயொரு ஆள் என்றேன்.

பயணம் தூரம், பஸ் மாறி வர வேண்டும், தெரியும். எடுப்பீர்களா?

ரெஜினோல்ட்

*

கித்துல்கல,
22 ஏப்ரல் 2025

அன்புள்ள சேர்,

எடுத்தாயிற்று. பதிலை எழுதுவதைவிட நேரே போவது நல்லது என்று போய்விட்டேன். மெட்டில்டா அம்மா என்னைச் சட்டத்தரணியாக நியமிக்கும் புதிய புரொக்சியில் கையெழுத்துப் போட்டார். போடும் முன்பு முழுவதையும் வாசித்தார். ஒரு பந்தியும் விடவில்லை. மிகவும் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளத்தைப் பார்த்தேன். அயலில் கேட்டேன். மரம் இருந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள், நீதிமன்றத்தில் சொல்வீர்களா என்றால் தலையைக் குனிகிறார்கள். அவர்களும் கம்பனி லயத்தில்தானே இருக்க வேண்டும். ஆகவே நீங்கள் ஒருவர்தான் சாட்சி. விசாரணை மே 29.

எனக்குச் சில கேள்விகள். மலையேறிய நாளில் குறிப்புப் புத்தகத்தில் ஏதாவது எழுதினீர்களா? திகதி இருக்கிறதா? மரத்தைச் சுற்றிய டை இன்னும் இருக்கிறதா, அல்லது மாற்றிவிட்டீர்களா? இருந்தால் அன்றைக்கு அதையே கட்டிக்கொண்டு வாருங்கள்.

இன்னொன்று. கூண்டில் நான் உங்களிடம் கேட்கப்போகும் முதல் கேள்வி உங்களுக்கு ஏற்கனவே தெரியும்.

கேஷானி

*

பெல்மதுளை,
1 ஜூன் 2025

அன்புள்ள கேஷானி,

இருபத்தாறு வருடமாகக் கூண்டில் நிற்பவர்களைக் கேள்வி கேட்டிருக்கிறேன். அங்கே ஏறி நின்றால் கேள்விகள் எவ்வளவு வேகமாக வந்து விழும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பலரிடம் கொஞ்சம் மெதுவாகக் கேட்டிருப்பேன்.

நீங்கள் 112ஆம் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "ஏழாம் பந்தியில் இருப்பது சட்டமா, மரமா?" என்று கேட்டீர்கள். "மரம். மெட்டில்டா அம்மாவின் மரம். அவரைக் கேட்காமல் நான்தான் எடுத்தேன்" என்றேன். இதைச் சொல்ல மாதக்கணக்காகப் பயந்தேன். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நீங்கள் நீதிபதியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஆகவே எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் காட்டிய 2022ஆம் ஆண்டுக் குறிப்பு இப்போது எழுதியதாக இருக்கலாம், மூன்று அங்குலம் கற்பனை, அளவு நாடா இல்லாமல் எப்படி அளந்தீர்கள் என்று அவர் மடக்கினார். குறிப்பில் ‘ஒன்றரை டை’ என்று இருக்கிறது என்றேன். எந்த டை என்றார் சிரித்துக்கொண்டே. கழுத்திலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தேன்.

நீதிபதி அளவுகோல் கொண்டுவரச் சொன்னார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான முதலியார் டையை மேசையில் நீட்டி அளந்தார். நான்கு அடி பத்து அங்குலம். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார். ஏழு அடி மூன்று அங்குலம் என்று அவரே வாசித்தார். எதிர்த்தரப்பு முகத்தில் சிரிப்பு அப்போதுதான் போனது.

இந்த முறையும் நீதிமன்றத்தில் சிரித்தார்கள். மெட்டில்டா அம்மாவும் சிரித்தார். அதை நான் பார்த்தேன். கட்டளை சொல்லும் நாளில் நான் வரமாட்டேன். அது உங்கள் வழக்கு.

தொழில் ஒழுக்க விசாரணைக்கு வரும்படி எனக்குக் கடிதம் வந்துவிட்டது. போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்வேன். இரண்டாம் பதிப்பை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். இனி வழக்கு மட்டும் போதும் என்று தோன்றுகிறது.

ரெஜினோல்ட்

*

கித்துல்கல,
4 ஜூலை 2025

அன்புள்ள சேர்,

நேற்றுக் கட்டளை வந்தது. வழக்கு முடியும் வரை மெட்டில்டா அம்மாவை யாரும் வெளியேற்றக் கூடாது, அந்த நிலத்தில் எதையும் கட்டவும் கூடாது. ஏழாம் பந்தியில் சொன்ன மரம் இருந்தது என்று நீதிமன்றம் நம்புகிறது என்று தனியே ஒரு பந்தி. அதுவும் ஏழாவது பந்திதான், நான் எண்ணிப் பார்த்தேன். அனுமதியில்லாமல் வெட்டியதைப் பற்றி பிரதேச செயலகத்துக்கு அறிவிக்கச் சொல்லியிருக்கிறார் நீதிபதி. உங்கள் புத்தகத்தைப் பற்றியும் இரண்டு வரி. நல்ல வரிகள் இல்லை. பிரதியை இத்துடன் வைக்கிறேன்.

மலையேறிப் போய் மெட்டில்டா அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, ஐயா புத்தகத்தை என்ன செய்யப்போகிறார் என்று கேட்டார். அநேகமாக நிறுத்திவிடுவார், வந்தாலும் அந்த மரத்தை எடுத்துவிடுவார் என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை:

"மண்ணுல நின்னத கம்பனி எடுத்திருச்சு. பொஸ்தகத்துல நிக்கிறத ஐயா வெட்டுறதா? நிக்கட்டும் மிஸ். ஆனா எம்பேரு போடணும். நட்டவரு பேரும் போடணும்."

சேர், நிறுத்தாதீர்கள். சுந்தரலிங்கம் ஐயாவும் கேட்டார், அடுத்த பதிப்பு எப்போது வரும் என்று. இந்த முறை தானே முதலில் வாசித்துப் பார்க்கப் போகிறாராம்.

கேஷானி

*

பெல்மதுளை,
19 ஜூலை 2025

அன்புள்ள கேஷானி,

இரண்டாம் பதிப்பின் 112ஆம் பக்க அச்சுப்படியை இத்துடன் அனுப்புகிறேன். நேற்று இதை மெட்டில்டா அம்மாவிடம் கொண்டுபோனேன். வாசித்து, சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒழுக்க விசாரணையில் என்ன நடந்தாலும் அந்தக் கையெழுத்து என்னிடம் இருக்கிறது.

ஏழாம் பந்தியில் இப்போது புள்ளிக்கோடு மட்டும்தான். மரம் பக்கத்தின் அடிக்குப் போய்விட்டது. கோடு போட்டு, அதன் கீழே இப்படி வருகிறது:

‘முதற் பதிப்பில் இவ்விடத்தில் நின்ற பலாமரம், குருவிட்டையைச் சேர்ந்த மெட்டில்டாவுடையது. நட்டவர் அவரது கணவர் இருதயராஜ், 1987. சுற்றளவு ஏழு அடி மூன்று அங்குலம். இதை வேறு எவருடைய வழக்கிலும் நடக் கூடாது.’

சிங்களப் பக்கத்திலும் அப்படியே போட்டிருக்கிறேன். உங்கள் லிகிதரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
ரெஜினோல்ட்